ஜெனிற்றாவின் பெயரில் வாழ்பவள்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அவளை எல்லாரும் ஜெனிற்றா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அதுதான் பெயர். அடையாள அட்டையிலும் அதுதான். தாயும் தகப்பனும் அவளுக்கு வைத்த பெயர் சுபாங்கி. பாரிஸ் முழுவதிலும் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மரியமலர், அவளைத் தன் மகள் என்று சொல்லி அழைத்து வந்தவள். மற்றவர் மரியமலரின் கணவர் ஸ்ரனிஸ்லாஸ்.

ஜெனிற்றா என்று ஒரு பிள்ளை உண்மையிலும் இருந்தாள். ஸ்ரனிஸ்லாசுக்கும் மரியமலருக்கும் பிறந்த ஒரே மகள். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஸ்ரனிஸ்லாஸ் பிரான்சுக்கு வந்துவிட்டார். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு ஏறி, விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் மகளின் குரலைத் தொலைபேசியில்தான் கேட்டார்.

முல்லைத்தீவில் மரியமலரின் வீடு கடற்கரைக்குக் கிட்ட. வேலிக்கு அடுத்த பக்கம் இராஜதுரையின் வீடு. இராஜதுரை சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்பவர். அவரும் மனைவி கௌரியும் சைவக்காரர், ஆனால் யேசு பிறந்த நத்தார் வந்தால் அவர்களுடைய மகள் சுபாங்கி வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்து மரியமலரின் வீட்டில்தான் கிடப்பாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயது.

2004ஆம் ஆண்டு நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலின் அடியில் நிலம் உடைந்தது. முல்லைத்தீவில் யாருக்கும் அது தெரியாது. கிணற்றுத் தண்ணீர்கூட அசையவில்லை. காலைச் சாப்பாட்டு நேரம் கடல் எழும்பி வந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. இராஜதுரையும் கௌரியும் வீட்டோடு போனார்கள். மரியமலர் ஒரு பிள்ளையோடு கரையேறினாள். அந்தப் பிள்ளை சுபாங்கி. ஜெனிற்றாவின் உடல் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களையும் அடையாளம் பார்க்க நேரமில்லாமல் மொத்தமாகப் புதைத்தார்கள். யாரும் அவளுடைய சாவைப் பதியவில்லை.

மரியமலர் சுபாங்கியை விடவில்லை. பிறகு சண்டை வந்தது. இடம் மாறி மாறி, பதுங்குகுழிகளுக்குள் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்து, 2009இல் இருவரும் உயிரோடு முட்கம்பி முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை அங்கே வேறாகப் பிரித்தார்கள். பதிகிற இடத்தில் மரியமலர் பிள்ளையின் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"கேட்டால் ஜெனிற்றா எண்டு சொல்லு. நான் உன்ரை அம்மா. வேறை ஒண்டும் வாயிலை வரப்படாது."

பிள்ளைக்கு அப்போது பத்து வயது. சொன்னபடி சொன்னாள்.

ஸ்ரனிஸ்லாசுக்கு இது பிடிக்கவில்லை. தொலைபேசியில் பல தடவை சண்டை நடந்தது. மகள் செத்துப்போனது அவருக்குத் தெரியும். அந்த இழவை அவர் பாரிஸில் வேலைத்தலத்துக் கழிவறைக்குள் இருந்து அழுதுதான் கழித்தார். அடுத்த வீட்டுப் பிள்ளை தன் மகளின் பெயரில் வருவதை அவரால் நினைக்க முடியவில்லை. மரியமலர் கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அவள் வராட்டில் நானும் வரேல்லை."

2010இல் இருவரும் வந்தார்கள். விமான நிலையத்தில் ஸ்ரனிஸ்லாஸ் பூச்செண்டோடு நின்றார். பொலிஸ்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். அவர் குனிந்து பிள்ளையை இறுக்கிக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். சுபாங்கிக்கு அந்த மனிதரின் மேல்சட்டையில் இருந்த சவர்க்கார மணம் பிடித்திருந்தது. தனக்கு இனி ஒரு அப்பா இருக்கிறார் என்று அவள் நம்பினாள். வெளியே வந்து ரயிலில் ஏறியதும் அவர் அவளுடைய பக்கம் திரும்பவே இல்லை. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கும்போது மனைவியிடம், "அதின்ரை பையையும் தூக்கிக்கொண்டு வா" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவள் 'அது'தான். "அது சாப்பிட்டுதோ?" "அது ஏன் இன்னும் படுக்கேல்லை?" வெளியே, கடைத்தெருவில், ஆட்கள் முன்னால் அவர் "ஜெனி" என்று கூப்பிடுவார். அவள் "என்னப்பா" என்பாள். மாடிப்படி ஏறிக் கதவைச் சாத்தியதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஜெனிற்றாவின் பிறந்தநாள் ஓகஸ்டில் வரும். ஆட்கள் சந்தேகப்படக்கூடாது என்று ஸ்ரனிஸ்லாஸ் கேக் வாங்கி, வேலைத்தலத்து நண்பர்களை அழைப்பார். கைதட்டிப் பாடுவார். சுபாங்கி மெழுகுதிரியை ஊதி, கேக்கை வெட்டி முதல் துண்டை அவருக்கு ஊட்ட வேண்டும். வந்தவர்கள் போனதும் அவர் எழுந்துபோய் வாயைக் கொப்பளிப்பார். மிச்சக் கேக்கைப் பெட்டியோடு குப்பை வாளிக்குள் அமுக்குவார். முதல் வருடம் சுபாங்கி அந்தக் கேக்கில் ஒரு துண்டும் சாப்பிட்டிருக்கவில்லை, எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு நின்றவள். வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மரியமலர், "போய்ப் படு" என்றாள்.

மார்கழி வந்தால் இன்னும் கொடுமை. கடல் கொண்டுபோனவர்களுக்காக வருடந்தோறும் தேவாலயத்தில் தமிழில் ஒரு பூசை நடக்கும். பாதிரியாரான சுவாமி இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். ஸ்ரனிஸ்லாஸ் போவார், ஆனால் மகளின் பெயரைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிற இந்தப் பிள்ளை யார் என்று கேள்வி வரும். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அழ, அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சுபாங்கியும் தன் தாய் தகப்பனுக்கு ஒரு விளக்குக் கொளுத்த முடியாது. ஒருமுறை சைவக் கோயிலுக்குப் போகக் கேட்டாள். மரியமலர் மறுத்துவிட்டாள்.

"வேதக்காரப் பிள்ளை கோயிலடியிலை நிண்டால் சனம் கதைக்காதோ? மனசுக்குள்ளை கும்பிடு."

2011 பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. சுபாங்கிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை ஸ்ரனிஸ்லாஸ் அரிசி தூக்குவதற்காகக் கூட்டிக்கொண்டு ஃபொபூர் சேன்-தெனி வீதிக்குப் போனார். ஞானசுந்தரத்தின் பலசரக்குக் கடை நிறைய ஆட்கள். காசு வாங்கும் இடத்துக்கு மேலே இருந்த தொலைக்காட்சியை எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யப்பானில் அன்றைக்குப் பெரிய நிலநடுக்கம். அதற்குப் பிறகு கடல் ஊருக்குள் வந்துவிட்டது.

மேலேயிருந்து எடுத்த படம். கறுப்புத் தண்ணீர் வயல்களுக்கு மேலால் ஊர்ந்து வந்தது. அதன் முன்னால் வீடுகள், வள்ளங்கள், லொறிகள் எல்லாம் ஒன்றாக உருண்டன. ஒரு வெள்ளைக் கார் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதைப் பிடிக்குமா இல்லையா என்று கடைக்குள் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிடித்தது. துறைமுகப் பட்டினங்கள் ஒன்றொன்றாகக் காட்டினார்கள். எல்லாம் ஒரே மாதிரிச் சேறாகக் கிடந்தன.

"அவங்கள் முதலே சங்கு ஊதி எழுப்பியிருக்கிறாங்கள். எங்களுக்கு ஆர் சொன்னது?" என்றார் ஞானசுந்தரம்.

சுபாங்கி சாமான் பையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா கூரையிலை ஏறினவர். அம்மாவை இழுத்தவர். கூரையோடை போயிட்டினம்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசுந்தரம் நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? அப்பா இஞ்சைதானே நிக்கிறார்? மலரக்காவை நான் காலமையும் கண்டனான்."

சுபாங்கி தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவர் இல்லை" என்றாள்.

ஸ்ரனிஸ்லாஸ் அவளுடைய கன்னத்தில் அறைந்தார். வெறும் தட்டல்ல. அவள் பருப்புச் சாக்கில் மோதி விழுந்தாள். அவர் உடனே சிரித்தார். "அந்தக் கடலுக்குப் பிறகு இவளுக்கு இடைக்கிடை இப்பிடித்தான், அண்ணை. கண்டது காணாதது எல்லாம் சொல்லுவாள்." பிறகு குனிந்து, எல்லாரும் பார்க்க, அவளுடைய தலையைத் தடவினார். "எழும்பு ஜெனி. வீட்டை போவம்."

அரிசிப் பையை அவள்தான் தூக்கி வந்தாள்.

வீட்டில் மரியமலர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் போனார். சுபாங்கி வாசலில் பையோடு நின்றாள். அவள் நிற்பதை இருவரும் கண்டார்கள். போ என்று ஒருவரும் சொல்லவில்லை.

"இத்தினை வருசமா நான் ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்குச் சொல்லு. ரெண்டு பிள்ளை நிண்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்ரை பிள்ளையை ஏன் விட்டனீ?"

மரியமலர் கத்தியை வைத்தாள்.

"நான் அவளைத் தூக்கேல்லை."

"அப்ப?"

"அண்டைக்கு ரெண்டும் சட்டை மாத்திப் போட்டுக்கொண்டு விளையாடினதுகள். நீங்கள் நத்தாருக்கு அனுப்பின மஞ்சள் சட்டை. அதை இவள் போட்டிருந்தவள். எனக்கு அது தெரியாது, நான் அடுப்படியிலை. தண்ணி என்னைச் சுழட்டி எறிஞ்சு, நான் மேலை வந்தாப்பிறகு மஞ்சளாய் ஒண்டு போறதைக் கண்டன். எட்டிப் பிடிச்சன்."

"முகத்தைப் பாக்கேல்லையோ?"

"பனைமரத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் பாத்தன். பாத்தால் இவள்."

ஸ்ரனிஸ்லாஸ் சுவரில் கையை ஊன்றினார்.

"பாத்தாப்பிறகு என்ன செய்தனீ?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மரியமலர் அதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"கையை விட்டனான். மற்றப் பிள்ளையைத் தேடிப் போவம் எண்டு விட்டனான். அவள்தான் என்ரை தலைமயிரைப் பிடிச்சவள். இழுத்துப் பாத்தன், விடேல்லை. பிறகு ரெண்டாந்தரம் தண்ணி வந்திட்டுது."

ஸ்ரனிஸ்லாஸ் திரும்பி வாசலைப் பார்த்தார். அந்தப் பிள்ளையை அவர் நேருக்கு நேர் பார்த்த முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். அவளை அடிக்கவில்லை. படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சுபாங்கிக்கு இது புதிதல்ல. தன் கையைப் பிடித்த கை தளர்ந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது தண்ணீரின் வேகம் என்று இத்தனை காலமும் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு மரியமலர் அவளுடைய சோற்றுக் கோப்பையில் மீனின் நடுத்துண்டைப் போட்டாள். அவள் முள்ளெடுத்துச் சாப்பிட்டாள். இதைப்பற்றி அவர்கள் இருவரும் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை.

பள்ளிக்கூடம் முடித்ததும் ஞானசுந்தரத்தின் கடை இருந்த அதே வீதியில் பியட்றிசின் புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பியட்றிஸ் மன்னார்ப் பெண், கெட்டிக்காரி. கலியாணப் பெண்களுக்குச் சேலை விரித்துக் காட்டுவதில் சுபாங்கி கைதேர்ந்தவளானாள். எந்தத் தாய்க்கு எந்த நிறம் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே எடுத்துப் போடுவாள். பியட்றிசின் மகன் பிரின்ஸ்டன் பாரிஸில் பிறந்தவன், காப்புறுதி நிறுவனத்தில் வேலை. தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வான். சுபாங்கியிடம் மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசிப் பார்த்தான். அவள் சிரித்துவிட்டாள். இரண்டு வருடத்தில் சம்மதம் வரை போனது. பியட்றிஸ் தானாகவே மோதிரம் எடுத்தாள். சாதி, ஊர், கோயில் எல்லாம் ஸ்ரனிஸ்லாசின் பெயரைச் சொன்னதும் தீர்ந்துவிட்டது. சுபாங்கி பிரின்ஸ்டனிடம் உண்மையைச் சொல்ல நினைத்தாள். மரியமலர், "தாலி ஏறட்டும்" என்றாள்.

தாலி ஏறும்வரை மரியமலர் இருக்கவில்லை. 2019 கோடையில் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். ஐப்பசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்கு நினைவு வந்து வந்து போனது. சுபாங்கிதான் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து உதட்டை நனைத்துவிட்டாள். ஒரு பின்னேரம் மரியமலர் கண்ணைத் திறந்து, "ஜெனிற்றா" என்றாள்.

"ஓமம்மா, இஞ்சை நிக்கிறன்."

மரியமலர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. "நீ இல்லை, பிள்ளை. ஓடிப்போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா" என்றாள்.

சுபாங்கி எழுந்து வெளியே போய் நடைபாதையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குள் மரியமலர் மறுபடியும் நினைவிழந்திருந்தாள். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

அந்த மார்கழியும் பூசை நடந்தது. பதினைந்தாவது ஆண்டு என்பதால் கூட்டம் அதிகம். சுபாங்கி ஒரு பக்கம் பியட்றிசும் மறுபக்கம் பிரின்ஸ்டனுமாக நடுவாங்குப் பலகையில் இருந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் முன்வரிசையில். சுவாமி பெயர்களை வாசித்துக்கொண்டு போனார். அண்மையில் இறந்த மரியமலரின் பெயரையும் அதோடு சேர்த்து வாசித்தார். பிறகு, "அவரோடு அவருடைய மகள் ஜெனிற்றா ஸ்ரனிஸ்லாஸ், ஆறு வயது" என்றார்.

வாசிப்பு நிற்கவில்லை, அடுத்த பெயருக்குப் போனது. ஆனால் முன்வாங்குகளில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஞானசுந்தரம் எட்டிப் பார்த்தார். பிரின்ஸ்டன் அவளுடைய காதுக்குள், "அது யார்? உன் பெயர்தானே?" என்று பிரெஞ்சில் கேட்டான். பியட்றிஸ் அவளுடைய மடியில் இருந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

முன்வரிசையில் ஸ்ரனிஸ்லாஸ் தலையைக் கவிழ்த்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஆட்களுக்கு முன்னால் மகளுக்காக அவர் அழுதது அன்றைக்குத்தான்.

தேவாலய வாசலில் சுபாங்கி அவரை மறித்தாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"பதினைஞ்சு வருசம்" என்றார் அவர். "என்ரை பிள்ளை செத்தவள் எண்டு சொல்ல எனக்கு வாயில்லை. மலருக்காகப் பொத்திக்கொண்டிருந்தன். மலர் போயிட்டாள்."

"அப்ப நான்?"

"நீ உயிரோடைதானே நிக்கிறாய்."

சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

பியட்றிஸ் அடுத்த நாள் கடையைத் திறக்கும் முன் அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். கோபமாகப் பேசவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"பிள்ளை, நீ ஆரின்ரை பிள்ளை?"

சுபாங்கி சொன்னாள். தகப்பன் பாண்காரர், பெயர் இராஜதுரை, தாய் கௌரி, சைவம்.

"என்ன ஆக்கள்?" சாதியைத்தான் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. ஆறு வயசிலை அதெல்லாம் ஆர் எனக்குச் சொல்லுறது?"

பியட்றிஸ் பெருமூச்சு விட்டாள். "எனக்கு ஒண்டுமில்லை. ஆனால் கள்ளப் பேரிலை இருக்கிற பிள்ளை. நாளைக்கு ஆரும் பொலிசுக்கு எழுதிப் போட்டால் உன்னோடை என்ரை மகனையும் இழுப்பாங்கள், கடையையும் தோண்டுவாங்கள். மோதிரத்தைக் கழட்டித் தா. இந்த மாசச் சம்பளம் முழுசாத் தாறன்."

பிரின்ஸ்டன் அன்றிரவு தொலைபேசியில் ஒரு நீண்ட செய்தி அனுப்பினான். நீ எனக்குப் பொய் சொன்னாய், இத்தனை நாள் நான் யாரோடு பேசினேன் என்றே தெரியவில்லை என்று பிரெஞ்சில் எழுதியிருந்தான். அவள் தன் உண்மையான பெயரைத் தமிழில் எழுதி அனுப்பினாள். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பதில் வரவில்லை.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் லாச்சப்பலில் அவள் போகிற இடமெல்லாம் பேச்சு நின்றது. அவள் பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் கழுவித் துடைக்கிற வேலைக்குப் போனாள். வந்து சில வாரங்களில் கொரோனா வந்தது. கிழவர்கள் ஒவ்வொருவராகப் போக, அவள் கையுறையோடு கட்டில் விரிப்புகளை உரித்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறார், அவருக்கு இருக்கிற ஒரே உறவு நீங்கள்தான் என்றாள் தாதி. வந்து பார்க்க அனுமதி இல்லை, தொலைபேசியை அவருடைய காதில் வைக்கலாம். வைத்தாள். முதலில் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஆர், அதுவோ?" என்றார் அவர்.

"ஓம்."

"என்னை மலரின்ரை குழியிலை தாழ். கல்லிலை அவளின்ரை பேரையும் போடு. என்ரை பிள்ளையின்ரை."

அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"போடுவாயோ?"

"ஓம்" என்றாள்.

அவர் நன்றி சொல்லவில்லை. அவள் நலமாக இருக்கிறாளா என்று கேட்கவும் இல்லை. இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

அவரைப் புதைக்கும்போது குழியடியில் சுவாமியும், முகமூடி போட்ட நான்கு கூலியாட்களும், அவளும் மட்டுமே நின்றார்கள். அழுகை வரவில்லை. கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது. அவர்கள் வேலை முடிந்து போகும்வரை நின்றுவிட்டு வந்தாள்.

கல் வைப்பதற்கு அடுத்த வருடம் போனாள். கல் வெட்டுகிறவர் பேனாட் என்ற வயதான பிரெஞ்சுக்காரர். ஸ்ரனிஸ்லாசின் பெயரையும் மரியமலரின் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள். வேறு யாரும் உண்டா என்று அவர் கேட்டார். பிறகு, தாய் தகப்பனுக்குக் கல் வைக்க வந்த பெண்ணின் பெயரை ரசீதில் எழுத வேண்டும் என்பதற்காக, "உங்கள் பெயர்?" என்றார்.

"ஜெனிற்றா."

அவர் எழுதிக்கொண்டார். அவள் நின்றுகொண்டே யோசித்தாள். அந்தப் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னால் இந்த மனிதர் நிமிர்ந்து பார்ப்பார். கேட்பார். பார்க்க வருகிறவர்களும் கேட்பார்கள். செத்தவள் ஒருத்தியும் இருப்பவள் ஒருத்தியும் அந்தப் பெயரில் இருக்க முடியாது. வேலை, அறை, அட்டை எல்லாம் அந்த ஒரு பெயரில்தான் நிற்கின்றன. சுபாங்கி என்று ஒருத்தி இந்த நாட்டில் எங்கேயும் இல்லை. முல்லைத்தீவிலும் அவளைக் கடலோடு போனவர்களோடு சேர்த்திருப்பார்கள்.

அந்த மஞ்சள் சட்டையும் அவள் நினைவுக்கு வந்தது. கேட்டு வாங்கிப் போட்டவள் சுபாங்கிதான். ஜெனிற்றா தரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள்.

"வேறு யாரும் இல்லை" என்றாள் பேனாடிடம். "இரண்டு பெயர் போதும்."

இப்போதும் அவள் அதே முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்கிறாள். கலியாணம் செய்யவில்லை. ஓல்னேயில் நல்ல மீன் கிடைக்காததால் சனிக்கிழமைகளில் ரயிலேறி லாச்சப்பலுக்கு வருவாள். பழைய பேச்செல்லாம் அடங்கிவிட்டது, புதிதாக வந்த சனத்துக்கு ஒன்றும் தெரியாது. மீன்கடைக்காரன் அவளைக் கண்டால், "ஜெனிற்றா அக்கா, விளைமீன் வந்திருக்கு" என்று கூப்பிடுவான். அவள் திரும்பிப் பார்த்து, செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, பேரம் பேசி வாங்கிக்கொண்டு போவாள். கல்லறைப் பக்கம் அவள் பிறகு போகவில்லை.